மூணு நாள் மீட்டிங், கூட அம்மாவும் பையனும்: நகரத்துக்குள்ள பிசினஸ் ஹோட்டலா, கடற்கரை ஹோட்டலா?

இரட்டைப்பெட்டி கேட்டது:

வணக்கம். ரெண்டு வாரமா மண்டையைக் குடையுது, இங்க கேட்டுடலாம்னு வந்தேன்.

அடுத்த மாசம் புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் வெளியூர்ல எங்க ஆபீஸ் பயிற்சி வகுப்பு. நான் போய் உட்கார்ந்து கேட்கிற வகுப்பு இல்லை, நான்தான் எடுக்கிறேன். அதனால காலையில அஞ்சு நிமிஷம்கூடப் பிந்த முடியாது. இடம் நகரத்து நட்டநடுவுல. கம்பெனி ரூம் போட்டுத் தர்ற பிசினஸ் ஹோட்டல்ல இருந்து நடந்தே எட்டு நிமிஷம். போன வருஷம் தனியா போனப்போ அங்கதான் தங்கினேன். குறை சொல்ல ஒண்ணுமில்லை, ஞாபகம் வச்சுக்கவும் ஒண்ணுமில்லை.

இந்தத் தடவை பையனுக்கு லீவு. ஏழு வயசு. வீட்டுல பார்த்துக்க ஆள் இல்லாததால அவனையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். அம்மாவுக்கு 68. ரெண்டு முழங்காலும் தேய்மானம், வலது கால் கொஞ்சம் அதிகம். படி இறங்கும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்குவாங்க. அவங்க கடலைப் பார்த்து 11 வருஷம் ஆச்சு, அப்பா இருந்தப்போ போனது. கேட்டா "எனக்கென்ன கடலு, நீ உன் வேலையைப் பாரு"ன்னுதான் சொல்வாங்க. ஆனா நான் போன்ல அந்தக் கடற்கரை ஹோட்டல் படத்தைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ பின்னாடி வந்து நின்னாங்க. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சு மாட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு அந்த ஹோட்டலை விட மனசு வரலை.

வகுப்பு நடக்கிற இடத்துல இருந்து 14 கிலோமீட்டர். நல்ல சொகுசான இடம். வித்தியாசப் பணத்தை நானே கட்டிக்கிட்டா கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டாங்க. என் கணக்கு இதுதான்: காலையில முக்கால் மணி நேரம் கார், சாயங்காலம் முக்கால் மணி நேரம். மூணு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கலாம். திரும்பி வந்ததும் கடல். சனி ஞாயிறும் அங்கயே இருந்துட்டு வந்துடலாம்.

இந்தக் கணக்குல எங்க ஓட்டை இருக்குன்னு சொல்லுங்க. இப்படிப் போய்ட்டு வந்தவங்க யாராவது இருந்தா இன்னும் நல்லது.

---

ஒருவழிச்சாலை சொன்னது:

அக்கா, வேண்டாம். நான் இதையே செஞ்சு பார்த்தவன். எனக்கு 11 கிலோமீட்டர்தான்.

14 கிலோமீட்டரை நகரத்துக்குள்ள ஓடுற 14 மாதிரி நினைக்காதீங்க. கடலோரத்துல ஒரு பக்கம் தண்ணி. அதாவது போற வழி பாதியாக் குறைஞ்சுடுது. நகரத்துல ஒரு சாலை அடைச்சா டிரைவர் ரெண்டு சந்து திருப்பி வேற வழியில கொண்டு போய்ச் சேர்த்துடுவார். கடற்கரைச் சாலையில எல்லாரும் அதே ஒரே சாலைதான். ரெண்டாம் நாள் காலையில ஒரு லாரி குறுக்கே நின்னுச்சு. 50 நிமிஷம் ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் கடல் ரொம்ப அழகா இருந்துச்சு, அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இருக்கே.

அடுத்தது டாக்சி. பிசினஸ் ஹோட்டல் வாசல்ல எப்பவும் நாலு வண்டி நிக்கும். கடற்கரை ஹோட்டலுக்கு வண்டி நகரத்துல இருந்து காலியா வரணும், அதனால டிரைவருங்க ஒத்துக்கிட்டு அப்புறம் ரத்து பண்ணுவாங்க. "இலவச ஷட்டில் உண்டு"ன்னு போட்டிருந்தா எத்தனை மணிக்குன்னு கேளுங்க. எனக்குச் சொன்னது காலை 10 மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் 4 மணிக்கு ஒண்ணு. கடைக்குப் போறவங்களுக்கு விட்ட வண்டி அது, வேலைக்குப் போறவங்களுக்கு இல்லை.

சாயங்காலம் வந்ததும் கடல்னு எழுதியிருக்கீங்க. வகுப்பு முடிஞ்சு, நாலு பேர் சந்தேகம் கேட்டு, வண்டி பிடிச்சு வந்து சேர ஏழு மணி ஆகும். இருட்டிடும். காவலுக்கு நின்ன ஆள் போயிருப்பார், கொடியை இறக்கியிருப்பாங்க. கடல் சத்தமாத்தான் இருக்கும், கடலா இருக்காது. நாலு ராத்திரி தங்கிட்டு கால் நனைச்சது ஒரே தடவை.

---

ஜன்னலோரம் சொன்னது:

மேல எழுதினவர் வேலைக்குப் போன ஆள். நான் அறையிலயே உட்கார்ந்திருந்த ஆள், அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்க.

வீட்டுக்காரருக்கு நாலு நாள் மாநாடு. மகளுக்கு அப்ப அஞ்சு வயசு. 17வது மாடி, திறக்க முடியாத ஜன்னல். எதிர்ல ஒரு ஆபீஸ் கண்ணாடிக் கட்டடம். முதல் நாள் அவ அந்த ஆபீஸ்ல எத்தனை பிரிண்டர்னு எண்ணினா. ஆறு. ரெண்டாம் நாளும் எண்ணினா, அதே ஆறு. பத்தரைக்கு ஹவுஸ்கீப்பிங் வந்து கதவைத் தட்டுவாங்க. அரை மணி நேரம் எங்கயாவது போகணும். எங்க போறது? லாபியில இருக்கிற சோபா எல்லாத்துலயும் லேப்டாப் வச்ச ஆளுங்க. குழந்தை கொஞ்சம் சத்தமாச் சிரிச்சா நாலு தலை திரும்பும். யாரும் திட்டலை. ஆனா அந்த இடம் நமக்காகக் கட்டலைன்னு நல்லாவே தெரியும்.

நீச்சல் குளம் மொட்டை மாடியில. பக்கத்துக் கட்டடம் இன்னும் உசரம், அதனால ரெண்டு மணிக்கெல்லாம் நிழல் விழுந்து தண்ணி சில்லுனு ஆயிடும். உள்ள இறங்கி நாலு கை போட்டா எதிர்ச்சுவர் வந்துடும். காலையில கோட்டு போடுறதுக்கு முன்னாடி நீந்திட்டுப் போற ஆளுங்களுக்காகக் கட்டினது.

அம்மாவும் பையனும் மூணு நாள் இதுல இருக்கணும்னா எனக்கே மூச்சு முட்டுது. நீங்க மூணு நாள் கார்ல கஷ்டப்படுறதா, அவங்க மூணு நாள் பெட்டிக்குள்ள இருக்கிறதான்னுதான் பார்க்கணும். நானா இருந்தா கடற்கரை.

---

நைட் ஆடிட்டர் சொன்னது:

ஒன்பது வருஷம் ராத்திரி ரிசப்ஷன்ல நின்னவன் நான். ஆறு வருஷம் நகரத்து ஹோட்டல், மூணு வருஷம் கடலோரம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல வர்ற போன் எல்லாம் எனக்குத்தான். அதனால ஹோட்டலோட குறை என்னன்னு மேனேஜரைவிட எனக்கு அதிகம் தெரியும்.

ஜன்னலோரம் சொன்னதுதான் சரியான இடத்துல கை வச்சது. காலை ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அந்த அறையில யார் இருப்பாங்க? நீங்க இல்லை. பணம் கட்டுறவங்க தேர்ந்தெடுப்பாங்க, இருக்கிறவங்க வேற ஆளா இருப்பாங்க. நான் பார்த்த பாதிச் சண்டை இதனாலதான்.

ஆனா "அப்போ கடற்கரை"ன்னு உடனே நான் சொல்ல மாட்டேன். உங்க அம்மாவோட முழங்கால் இருக்கு. கடற்கரை ஹோட்டல் நிறைய இடத்துல உசரமா இருக்காது, பரந்து கிடக்கும். ரெண்டு மாடி, மூணு மாடிக் கட்டடங்கள் தோட்டத்துக்குள்ள தனித்தனியா. லிஃப்ட் இல்லாத பகுதியும் இருக்கும். சாப்பிட ஒரு நடை, குளத்துக்கு ஒரு நடை. பேட்டரி வண்டி இருக்கும், கூப்பிட்டா இருபது நிமிஷம் கழிச்சு வரும். நகரத்து ஹோட்டல்ல கதவைத் திறந்தா லிஃப்ட், இறங்கினா சாப்பாட்டு ஹால், மொத்தமே ஐம்பது அடி. முழங்கால் வலிக்காரங்களுக்கு மணல்ல நடக்கிறதும் லேசு இல்லை. கால் புதையும், ஒவ்வொரு அடிக்கும் இழுத்து எடுக்கணும். போன் பண்ணி "அறையில இருந்து சாப்பிடுற இடம் வரைக்கும் படி உண்டா? மணல் வரைக்கும் பலகை நடைபாதை உண்டா?"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. இணையதளத்துல இருக்கிற படம் இதைச் சொல்லாது.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. ஏசி ஓடுற குளிர்ந்த அறையில பால்கனிக் கதவைத் திறந்து வச்சா கடல் காத்துல இருக்கிற ஈரம் கண்ணாடியிலயும் தரையிலயும் வேர்த்து நிற்கும். பளிங்குத் தரையா இருந்தா எண்ணெய் கொட்டின மாதிரி வழுக்கும். என் மூணு வருஷத்துல வயசானவங்க ரெண்டு பேர் அப்படி விழுந்தாங்க, ரெண்டும் பால்கனி வாசல்லதான். பல இடத்துல பால்கனிக் கதவைத் திறந்தா ஏசி தானா நிக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வச்சிருப்பாங்க. விருந்தாளிங்க அதைக் கஞ்சத்தனம்னு திட்டுவாங்க, கரண்ட் மிச்சமும் அதுல உண்டுதான், ஆனா இந்த வேர்வையும் ஒரு காரணம். அம்மா உட்காரணும்னா ஏசியை நிறுத்திட்டு, கதவைத் திறந்து, வாசல்ல ஒரு டவலை விரிச்சுட்டு உட்காரச் சொல்லுங்க. பையன் இருக்கிறதால பால்கனி நாற்காலியைக் கம்பிப் பக்கம் விட்டு வைக்காதீங்க. அவங்க உட்காராதப்போ உள்ள இழுத்துப் போட்டுடுங்க.

"பகல்ல அவ்வளவு காத்து, ராத்திரி ஒண்ணுமே இல்லை"ன்னு எனக்கு எத்தனையோ போன் வந்திருக்கு. அது ஹோட்டல் தப்பு இல்லை. பகல்ல தரை சீக்கிரம் சூடாகி மேல காத்து எழும்புறதால கடல்ல இருந்து உள்ள வீசும். ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்து அது திரும்பிடும், வேகமும் குறைச்சல். அதனால பால்கனி சுகம் மத்தியானம் தாண்டி சாயங்காலம் வரைக்கும்தான். அந்த நேரம் நீங்க வகுப்புல இருப்பீங்க, அம்மா அங்க இருப்பாங்க. ஒருவழிச்சாலைக்குக் கிடைக்காத கடல் அவங்களுக்குக் கிடைக்கும், அது நிஜம்.

"சீ வியூ"ன்னு எழுதியிருந்தா மயங்காதீங்க. பால்கனியில நின்னு கழுத்தை முழுசாத் திருப்பினா தெரியற நீலக் கோடும் எங்க பாஷையில சீ வியூதான். நேரா கடலைப் பார்த்த அறை வேணும்னா "அறையோட முகம் எந்தப் பக்கம்?"னு கேளுங்க. படுக்கையில உட்கார்ந்தபடியே தெரியுமான்னு கேட்டா இன்னும் உத்தமம். அப்ப ரிசப்ஷன்ல இருக்கிறவர் பொய் சொல்லத் தயங்குவார்.

நகரத்து ஹோட்டலுக்கும் ஒரு வியாதி உண்டு. காலை அஞ்சரைக்குப் பக்கத்து அறையில குழாய் திறந்தா உங்க தலைமாட்டுல கேட்கும். 1908-ல அமெரிக்காவுல பஃபலோ நகரத்துல எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர்னு ஒருத்தர் கட்டின ஹோட்டல்ல ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை கொடுத்தார். செலவைக் குறைக்க ரெண்டு அறையோட குளியலறைகளை முதுகோடு முதுகா வச்சு நடுவுல ஒரே குழாய்த் தடம் ஓட்டினார். வேலையா ஊர் சுத்துற விற்பனைக்காரங்களுக்கு அது சொர்க்கமா இருந்திருக்கும். இன்னிக்கு வரைக்கும் அந்த ஏற்பாடுதான். அதனால பக்கத்து அறைக்காரர் ஆறு மணி விமானத்துக்குக் கிளம்பினா நீங்களும் எழுந்துதான் ஆகணும். நடுவுல கதவு வச்ச ஜோடி அறையைக் கொடுத்தா வேண்டாம்னுடுங்க, அந்தக் கதவு வழியா இருமல்கூடக் கேட்கும்.

வாடகை விஷயம். வார நாள்ல நகரத்து ஹோட்டல் நிறையும், வெள்ளி ராத்திரி காலியாகும். கடற்கரை ஹோட்டல் வெள்ளி ராத்திரி நிறையும், ஞாயிறு மத்தியானம் காலியாகும். காலி அறைக்கு ஏத்த மாதிரி விலையை மாத்துற வித்தை விமானக் கம்பெனிங்க கிட்ட இருந்து வந்தது. அமெரிக்காவுல 1978-ல விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்ததுக்கு அப்புறம் அவங்க வளர்த்தது, எண்பதுகள்ல ஹோட்டலுக்கு வந்துச்சு. இப்ப உங்க திட்டத்தைப் பாருங்க: சனி ஞாயிறைக் கடல்ல கழிக்கிறதுன்னா அங்க விலை உச்சத்துல இருக்கிற ராத்திரிகளைத் தேடிப் போய் வாங்குறீங்க. கூட்டமும் அப்பதான்.

அதனால நான் சொல்றது: வரிசையைத் திருப்பிப் போடுங்க. ஞாயிறு மத்தியானம் கடற்கரை ஹோட்டலுக்குப் போங்க. எல்லாரும் வெளியேறுற நேரம் நீங்க உள்ள போவீங்க. ஞாயிறு, திங்கள் ரெண்டு ராத்திரி. செவ்வாய் மத்தியானம் நகரத்துக்கு மாறுங்க. புதன்ல இருந்து வேலை. ரெண்டு நாள் லீவு போடணும், அது உங்க பாடு.

---

இரட்டைப்பெட்டி சொன்னது:

நைட் ஆடிட்டர் சார், இது எனக்குத் தோணவே இல்லை. வேலை முடிஞ்சுதான் உல்லாசம்னு மண்டையில ஆணி அடிச்சு வச்சிருக்கேன். பரீட்சை முடிஞ்சப்புறம்தான் டிவின்னு வளர்த்த அம்மாவோட பொண்ணு நான், அதான்.

லீவு கிடைக்கும். பயம் ரெண்டுதான். ஒண்ணு, வகுப்புக்கான ஸ்லைடு வேலை ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாது, கடல்ல உட்கார்ந்து அதையேதான் நினைச்சுக்கிட்டிருப்பேன். ரெண்டு, மூணு நாள் பகல்ல அந்த ரெண்டு பேரும் பிசினஸ் ஹோட்டல்லதானே இருக்கணும்? ஜன்னலோரம் சொன்ன ஆறு பிரிண்டர் கதை அப்படியே இருக்கே.

---

ஜன்னலோரம் சொன்னது:

நல்ல யோசனைதான், ஆனா உங்க ரெண்டாவது பயம் எனக்கும் இருக்கு. ஒரு வித்தியாசம். என் வீட்டுக்காரர் காலையில போனா ராத்திரிதான். உங்க வகுப்பு எட்டு நிமிஷ நடை. மத்தியானம் சாப்பிட வந்துட்டுப் போக முடியும்ல? நாலு நாள்ல ஒரு நாள் அவர் மத்தியானம் வந்திருந்தாக்கூட நான் அவ்வளவு புலம்பியிருக்க மாட்டேன். 14 கிலோமீட்டர்ல இருந்தா அதுக்கு வழியே இல்லை. சரி, நானும் கட்சி மாறிட்டேன்னு வச்சுக்கோங்க.

---

நைட் ஆடிட்டர் சொன்னது:

பையனுக்கு ஒரு வழி. நகரத்து ஹோட்டல்ல யாரும் கேட்காத அறைன்னு சில இருக்கும். ரயில் தண்டவாளத்தைப் பார்த்தது, பஸ் நிலையத்தைப் பார்த்தது, கட்டட வேலை நடக்கிற பக்கம். வேலையா வர்றவங்க சத்தம்னு ஒதுக்குவாங்க. ஏழு வயசுப் பையனுக்கு அதைவிட நல்ல டிவி கிடையாது. அஞ்சாவது ஆறாவது மாடியாக் கேளுங்க. 17வது மாடியில இருந்து பார்த்தா எறும்பு மாதிரி இருக்கும், சீக்கிரம் அலுத்துடும். நகரத்து ஜன்னல் கண்ணாடி கனமா இருக்கும், ராத்திரி சத்தம் பெரிசா உள்ள வராது.

குளியலறை: தொட்டிக்குள்ள ஏறி நின்னு குளிக்கிற மாதிரி இருந்தா அம்மாவுக்கு ஆகாது. தரையோட தரையா ஷவர் இருக்கிற அறை, கைப்பிடிக் கம்பியோட, வேணும்னு ரெண்டு ஹோட்டல்லயும் இப்பவே எழுதி வாங்கிக்கோங்க. போய் நின்னு கேட்டா "இன்னிக்கு இல்லை மேடம்"தான்.

ரெண்டு ஹோட்டல் மாறுறதுல ஒரு நஷ்டம் உண்டு, அதையும் சொல்லிடறேன். புது இடத்துல முதல் ராத்திரி தூக்கம் சரியா வராது. வெறும் மனப்பிரமை இல்லை அது. 2016-ல பிரவுன் பல்கலைக்கழகத்துக்காரங்க ஆராய்ஞ்சு பார்த்து, முதல் ராத்திரி மூளையோட ஒரு பாதி இன்னொரு பாதி அளவுக்கு ஆழமாத் தூங்குறதில்லை, காவல் காக்குற மாதிரி சத்தத்துக்கு விழிப்பா இருக்குன்னு எழுதினாங்க. எனக்கு வர்ற போன் கணக்கும் அதைத்தான் சொல்லும்: ஏசி சத்தம், ஃபிரிட்ஜ் சத்தம், லிஃப்ட் சத்தம், எல்லாம் முதல் ராத்திரிக்காரங்க. ரெண்டாம் ராத்திரி அதே ஃபிரிட்ஜ், ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. உங்களுக்கு இப்ப ரெண்டு முதல் ராத்திரி. அதுல ஒண்ணு வகுப்புக்கு முந்தின ராத்திரி. வீட்டுத் தலையணை உறையை மட்டும் எடுத்துட்டுப் போங்க, அறிவியலா என்னன்னு கேட்காதீங்க, என் பொண்டாட்டி வழக்கம்.

---

இரட்டைப்பெட்டி சொன்னது (ஆறு வாரம் கழிச்சு):

போய்ட்டு வந்துட்டோம். கேட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லக்கூடாதில்லையா, அதான் எழுதறேன்.

வரிசையைத் திருப்பித்தான் போட்டோம். ஞாயிறு மத்தியானம் ரிசப்ஷன்ல எங்களுக்கு எதிர்ல பெரிய வரிசை, எல்லாம் வெளிய போறவங்க. ஈரத் துண்டும் வெயில்ல சிவந்த மூக்குமா நின்னாங்க. உள்ள போனது நாங்க மூணு பேர்தான். திங்கள் முழுக்கக் குளத்துல என் பையனும் ஒரு பெரியவரும் மட்டும். "படுக்கையில உட்கார்ந்தபடியே கடல் தெரியுமா"ன்னு போன்ல கேட்டதுக்கு ஒரு சின்ன மௌனம் வந்துச்சு பாருங்க, அப்புறம் வேற அறை எண் சொன்னாங்க. சார், உங்களுக்கு ஒரு கும்பிடு.

அம்மா முதல் நாள் மணல்ல இறங்கலை. பலகை நடைபாதை முடியற இடத்துல ஒரு பெஞ்ச் இருந்துச்சு. அங்க உட்கார்ந்து, செருப்பைக் கழட்டி, ரெண்டையும் ஒழுங்கா ஜோடி சேர்த்து பெஞ்சுக்குக் கீழ கடலைப் பார்க்க வச்சாங்க. பாதம் மட்டும் மணல்ல. ஒரு மணி நேரம் அப்படியே. நான் ரெண்டு தடவை போய் "போலாமாம்மா"ன்னேன். ரெண்டாவது தடவை "நீ வேணா போ"ன்னாங்க. கண்ணாடி முழுக்க உப்பு படிஞ்சு மங்கலா இருந்துச்சு. துடைக்கலை. மறுநாள் காலை அஞ்சே முக்காலுக்கு என்னை எழுப்பாம பையனைக் கூட்டிக்கிட்டு அதே பெஞ்சுக்குப் போயிருக்காங்க. எழுந்து பார்த்து ரெண்டு படுக்கையும் காலின்னதும் எனக்கு உசிரே போச்சு. பால்கனிக்கு ஓடினா தூரத்துல அவன் அவங்க கையைப் பிடிச்சுத் தண்ணி வரைக்கும் இழுத்துட்டுப் போறான். ரெண்டு அடி, நிக்கிறது, ரெண்டு அடி. வாசல் டவல் இல்லாம ஓடினதுல நான்தான் வழுக்கப் பார்த்தேன்.

இப்ப குறைகள். அந்த சொகுசு அறையில மேசையே இல்லை. ஒரு தாம்பாளம் அளவுக்கு வட்ட மேசை, அதுக்கு மேல மஞ்சளா மினுக் மினுக்குனு ஒரு விளக்கு. ஸ்லைடு பாக்கியை திங்கள் ராத்திரி குளியலறைக் கல்மேடையில லேப்டாப்பை வச்சு, மூடின டாய்லெட் மேல உட்கார்ந்து முடிச்சேன். வெளிச்சம் இருந்த ஒரே இடம் அதுதான். அம்மா தூக்கத்துல "இன்னுமா குளிக்கிறே"ன்னாங்க.

நகரத்துல புதன்கிழமை மோசம்தான். மறைக்க மாட்டேன். ஆறாவது மாடி, தண்டவாளம் பார்த்த அறை கேட்டிருந்தோம். கொடுத்தாங்க, ஆனா அன்னிக்கு மழை, பையனுக்குக் கடலை விட்டு வந்த கோபம், ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. மத்தியானம் நான் ஓடிப் போனப்போ ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில. வியாழக்கிழமை அம்மா ஒரு வேலை செஞ்சாங்க. ஹோட்டல் குறிப்புத்தாளை எடுத்துக் கோடு போட்டு, எந்தப் பக்கம் ரயில், எத்தனை பெட்டி, என்ன கலர்னு அவனை எழுத வச்சாங்க. வெள்ளிக்கிழமை நான் சாப்பிட வந்தப்போ "அம்மா, ஒரு நிமிஷம், 12:50 வரணும்"னு என்னைக் கையமர்த்தினான். மூணு நாளும் மத்தியானம் மூணு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஜன்னலோரம், நீங்க சொல்லாம இருந்திருந்தா பயிற்சிக்கு வந்தவங்களோட அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்.

தூக்கம்: செவ்வாய் ராத்திரி மூணு மணி வரைக்கும் பொட்டுத் தூக்கமில்லை. ஃபிரிட்ஜ் சத்தம். தலையணை உறை எடுத்துட்டுப் போயிருந்தேன், கடற்கரை ஹோட்டல்லயே விட்டுட்டு வந்துட்டேன்.

ஒருவழிச்சாலை தம்பிக்கு: செவ்வாய் மத்தியானம் பகல் ஒரு மணிக்கு, கூட்டமில்லாத நேரத்துல, அந்த 14 கிலோமீட்டருக்கு 55 நிமிஷம் ஆச்சு. கையில வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

ஒரு கடைசிக் கேள்வி. புதன் காலையில 22 பேருக்கு முன்னாடி சார்ஜரை எடுக்கப் பையைத் திறந்தா ஒரு கைப்பிடி மணல் மேசையில கொட்டுச்சு. முன் வரிசையில ஒருத்தர் "லீவு நல்லா இருந்துச்சா மேடம்"னு கேட்டார். அதை விடுங்க. லேப்டாப்ல ஒரு கீயை அழுத்தினா இன்னும் நறநறங்குது. எப்படி எடுக்கிறது?

---

ஒருவழிச்சாலை சொன்னது:

அணைச்சிட்டு, சார்ஜரைக் கழட்டிட்டு, திறந்தபடியே கவுத்துப் பிடிச்சு பின்பக்கம் லேசாத் தட்டுங்க அக்கா. அப்புறம் காய்ஞ்ச சின்ன பிரஷ். வாயால ஊதாதீங்க, ஈரம் உள்ள போயிடும்.